திரும்பிப் பார்க்காத அம்மாவாசை

“என் வண்டியால இதுவரைக்கும் ஒரு எறும்புகூடக் கீழ விழுந்ததில்ல. விழுந்துச்சுன்னு எவனாச்சும் காட்டட்டும், லைசென்சைக் கிழிச்சுக் கடல்ல போட்டுட்டுப் போயிடறேன்.”

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்து வாசலில், டீக்கடை பெஞ்சின்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு லாரி டிரைவர் அம்மாவாசை செய்த பிரகடனம் இது. அந்தச் சொல் வெளிப்பட்ட கணத்தில் மீன் ஏலமே நின்றுபோயிற்று என்று சொல்கிறவர்கள் உண்டு. ஐஸ் வரவில்லை, அதனால் நின்றது என்று சொல்கிறவர்களும் உண்டு. பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதும்போது முதல் கட்சியோடு சேர்ந்துகொள்வதே மரபு. எறும்பு ஏற்கெனவே கீழேதானே இருக்கிறது, அது எப்படி விழும் என்று டீக்கடைக்காரர் கேட்டாராம். அம்மாவாசை அவரை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு எறும்பைப் பற்றித் துறைமுகத்தில் யாரும் பேசவில்லை.

அம்மாவாசை மீனவக் குடும்பத்துப் பிள்ளை. அப்பா, பெரியப்பா, அவர்களைப் பெற்றவர் என்று எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். அம்மாவாசையும் போனார், ஒரே ஒரு முறை. கரை கண்ணிலிருந்து மறைவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிட்டது. படகைத் திருப்பி அவரைக் கரையில் இறக்கிவிட்டு மறுபடி போனார்கள். வேறு யாராயிருந்தாலும் வெட்கப்பட்டுக் கொஞ்ச நாள் வெளியே தலைகாட்டாமல் இருந்திருப்பார்கள். அம்மாவாசையோ, கடலுக்குத்தான் தம்மைத் தாங்கும் தெம்பில்லை என்று அறிவித்துவிட்டு லாரி ஓட்டக் கற்றுக்கொண்டார். கரையேறிய மீன் அதற்குமேல் எந்தத் திசையில் போகிறதோ, அதே திசையில் அன்றுமுதல் அவரும் போய்க்கொண்டிருக்கிறார்: துறைமுகத்தில் பெட்டி ஏற்றி, வில்லியனூர் வழியாக விழுப்புரம் நெடுஞ்சாலையைப் பிடித்து, மேற்கே கேரளத்துச் சந்தை வரைக்கும்.

டிரைவர் என்ற முறையில் அவரிடம் குறை கண்டுபிடிப்பது லேசில்லை. குடிக்க மாட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் போனைத் தொட மாட்டார். கண் சொருகினால் ஓரம்கட்டிப் படுத்துவிடுவார். முதலாளி போனில் கத்தினால், மீன் செத்து ரொம்ப நேரமாகிறது, அதற்கு இனிமேல் என்ன அவசரம், உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான் என்பார். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றிவிடச் சொன்ன அதே முதலாளியிடம், கழற்றுகிறேன், கழற்றியதை உங்கள் வாயில் மாட்டுகிறேன், சம்மதமா என்று கேட்டவர். பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரனை அழுத்து அழுத்தென்று அழுத்தினாலும், காதில் பஞ்சு வைத்த சாமி சிலைபோல் தம் வேகத்திலேயே போவார்.

ஆகவே, சாலைப் பாதுகாப்பு வாரத்தில் லாரி உரிமையாளர்கள் கூட்டம் போட்டு ‘விபத்தில்லா ஓட்டுநர்’ என்று சால்வை போர்த்தும்போதெல்லாம் முதல் சால்வை அவருக்கே. சால்வைகள் வீட்டில் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவர் மனைவி குஞ்சம்மாள் மீன் விற்கிறவள். ஒரு சால்வையை டிவிக்குப் போர்த்தியிருக்கிறாள். இன்னொன்று அவளுடைய மீன் கூடைக்குப் போய்விட்டதை அவர் இன்னும் கவனிக்கவில்லை.

ஆனால் மேலே சொன்ன நற்குணங்கள் அனைத்தும் வண்டிக்கு முன்னால் நடப்பவை. முன்பக்கத்துக்கு எலுமிச்சம்பழம் உண்டு, மிளகாய்ச் சரம் உண்டு, சூடம் உண்டு. பின்பக்கத்தோடு அம்மாவாசைக்கு எந்த ராஜாங்க உறவும் கிடையாது. பின்னால் வருகிறவனுக்கும் கண் இருக்கிறது, அவன் பாடு அவனுக்கு என்பது அவர் சித்தாந்தம். இடப்பக்கக் கண்ணாடியைச் சுற்றி, பிதுங்கிய விழியும் கோரைப்பல்லுமாக ஒரு திருஷ்டி பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கண்ணாடியில் பொம்மையின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாது. பின்னால் வருவதை அதுவே பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. லாரியின் முதுகில் மட்டும் ‘வீராயி துணை’ என்று குலதெய்வத்தின் பெயரை ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்.

இனி கயிற்றுக்கு வரலாம். அம்மாவாசையின் புகழ் உண்மையில் அந்தக் கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மீன் பெட்டிகளில் ஐஸ் போட்டுத்தான் ஏற்றுவார்கள். வெயிலில் ஐஸ் உருகும். உருகிய தண்ணீர் மீனின் ரத்தம், செதில், கொழுப்பு எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் இருக்கும் தொட்டியில் இறங்கும். தொட்டி நிரம்பினால் ஒதுக்குப்புறமாக நிறுத்தி, கீழே இறங்கி, குழாயைத் திறந்து, வடிந்து முடிகிறவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பின்னால் வந்த லாரி முந்திக்கொள்ளும். சந்தைக்கு முதலில் போகிற மீனுக்குத்தான் மரியாதை. மற்றவர்கள் இதற்காக வண்டியை விரட்டினார்கள். விரட்டுவது அம்மாவாசையின் கொள்கைக்கு விரோதம். எனவே அவர் யோசித்தார். குழாயின் கைப்பிடியில் வலைக்கயிறு ஒன்றைக் கட்டி, மறுமுனையைத் தம் சீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். ஆரியபாளையம் பாலத்துக்கு முந்தின வளைவில் எந்த வண்டியும் தானாக மெதுவாகும். அங்கே கயிற்றை ஒரு இழுப்பு. ஓடுகிற வண்டியிலேயே தொட்டி காலி. நிறுத்த வேண்டாம், இறங்க வேண்டாம், வேகமும் கூட்ட வேண்டாம். பக்கத்தில் சங்கராபரணி ஆறு இருப்பதால் தண்ணீர் தண்ணீரோடு சேர்கிறது, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றும் விளக்கம் வைத்திருந்தார். கொஞ்ச நாளில் துறைமுகத்து மீன் லாரிகள் எல்லாவற்றிலும் ஒரு கயிறு தொங்கியது.

அதே கொஞ்ச நாளில், அந்த வளைவில் மோட்டார் சைக்கிள்கள் சறுக்கி விழ ஆரம்பித்தன. அந்த இடத்தில் ஏதோ காற்று கருப்பு இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். யாரோ புண்ணியவான் பூசணிக்காய் உடைத்தார். உடைத்த பூசணிக்காயில் வேறொருவர் சறுக்கினார். காற்று இருப்பது அதோடு உறுதியாகிவிட்டது. இந்தப் பேச்சு அம்மாவாசையின் காதுக்கும் வந்தது. அவர் பயபக்தி உள்ளவர். அதற்கப்புறம் வளைவு வந்தால் வீராயியை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். போட்டுக்கொண்ட கையாலேயே கயிற்றை இழுப்பார்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் அங்கே மதாம் மரி விழுந்தார்.

குருசுக்குப்பத்தில் வசிக்கிற மரி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துக் காலமான ஒருவரின் மனைவி. பென்ஷன் பிரான்சிலிருந்து வருகிறது. கோபம் சொந்தத் தயாரிப்பு. சனிக்கிழமைதோறும் வில்லியனூர் மாதா கோவிலுக்கு ஸ்கூட்டரில் போவார். சட்டம் வருவதற்கு முன்பிருந்தே ஹெல்மெட் போடுகிறவர். அதற்காகத் தெருவில் சிரிக்கப்பட்டவர். அன்று அந்த ஹெல்மெட்தான் தார் ரோட்டில் மோதியது. தலை பிழைத்தது, மணிக்கட்டு முறிந்தது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். கட்டு காய்வதற்குள் அவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். லாரி இடித்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றார். பின்னே நீங்களாகத்தானே விழுந்தீர்கள், வீட்டில் போய் ரெஸ்ட் எடுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். ரெஸ்ட் எடுக்கச் சொன்ன யாரையும் மதாம் மரி தம் வாழ்நாளில் மன்னித்ததில்லை.

வண்டிக்காரர் பெயரை விசாரித்துக்கொண்டு, இரண்டு நாளில் துறைமுகத்துக்கு வந்தார். அம்மாவாசை பெட்டி ஏற்றி முடித்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்.

“முசே அம்மாவாசை யாரு?”

பிறந்ததிலிருந்து தம் பெயருக்கு முன்னால் முசே என்று ஒரு பிரெஞ்சு மரியாதை விழுந்து கேட்டறியாதவர் அம்மாவாசை. ஒரு கணம் அவர் குளிர்ந்துபோனதை மறுப்பதற்கில்லை.

“நான்தான். என்னா மதாம், மீனு வேணுமா?”

“மீனு வேணாம். தண்ணிதான் ஏற்கெனவே ரோட்டுல ஊத்திட்டீங்களே.” கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். “பாலத்துக்கிட்ட. போன சனிக்கிழமை.”

“என் வண்டின்னு எப்படித் தெரியும்?”

“வீராயி துணைன்னு பெரிசா எழுதியிருக்கீங்க. கீழ கெடந்தபடியே படிக்க ரொம்ப வசதி.”

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஏலம் இந்த முறை உண்மையாகவே நின்றது. அம்மாவாசை தொண்டையைச் செருமிக்கொண்டு, நீதிமன்றத்தில் நிற்கிற வக்கீல்போல் ஆரம்பித்தார்.

“நான் உங்கள இடிச்சேனா?”

“இல்ல.”

“ஒரசினேனா?”

“இல்ல.”

“அப்புறம் என் வண்டியால விழுந்தேன்னா என்னா அர்த்தம்?”

“நீங்க போனீங்க. நான் விழுந்தேன். அதான் அர்த்தம்.”

மழை பெய்தால்கூட ரோடு நனைகிறது, மேகத்தின் வீட்டுக்குப் போய் நியாயம் கேட்பீர்களா என்று அம்மாவாசை கேட்டார். கூட்டம் சிரித்தது. பாரீசில் ஓட்டுகிற மாதிரி இங்கே ஓட்டக்கூடாது என்றும் ஒரு அறிவுரை சேர்த்துக்கொண்டார். தாம் பாரீசுக்குப் போனது தங்கை மகள் கல்யாணத்துக்கு மட்டும்தான், வண்டி ஓட்டக் கற்றது இதே ஊர் பீச் ரோட்டில் என்று மரி பதில் சொன்னார். பணம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம், வண்டிக்கு அடியில் தொங்குகிற அந்தக் கயிற்றை அவிழ்த்தால் போதும் என்றார்.

“இந்தக் கயித்த அவுக்கறதுக்கு இன்னும் ஆள் பொறக்கல மதாம்.”

அப்படியென்றால் அடுத்த வாரம் சால்வை போர்த்தும் கூட்டத்துக்கு வருகிறேன், மேடை ஏறிக் கையைக் காட்டுகிறேன் என்றார் மரி. வாருங்கள், மைக்கை நானே பிடிக்கிறேன் என்றார் அம்மாவாசை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றதில் ஐஸ் கொஞ்சம் கூடுதலாகவே உருகியது. கடைசியில் மரி தம் கைப்பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து நீட்டினார்.

“அலோர், அப்ப ஒண்ணு பண்ணுவோம். சனிக்கிழமை உங்க வண்டிய வேற யாராச்சும் ஓட்டட்டும். கயித்த இழுக்கட்டும். நீங்க ஸ்கூட்டர்ல பின்னாடி வாங்க. விழாம பாலம் ஏறிட்டா அந்தச் சால்வைய நானே போத்தறேன்.”

“விழுந்துட்டா?”

“விழுந்துட்டா நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. நீங்களே சொல்லிடுவீங்க.”

இவ்வளவு பெரிய லாரியை ஓட்டுகிற கைக்கு ஸ்கூட்டர் என்பது ஒரு விளையாட்டுச் சாமான் என்று அம்மாவாசை கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். சனிக்கிழமை பாலத்தில் நின்று பார்ப்பதாகத் துறைமுகமே முடிவு செய்தது. டீக்கடைக்காரர் அங்கே ஒரு கிளைக் கடை போடலாமா என்று விசாரித்தார்.

வீட்டில் குஞ்சம்மாள் அவ்வளவு உற்சாகம் காட்டவில்லை. அந்தம்மாவைப் பார்த்தால் பொய் சொல்கிறவளாகத் தெரியவில்லை என்றாள்.

“அப்ப நான் பொய் சொல்றனா?”

“நீ பொய் சொல்லலய்யா. பாக்காதத சொல்ற. பின்னாடி பாக்காமதானே என்னையும் கட்டின? எனக்குப் பின்னாடி நாலு தம்பிங்க இருந்தது தாலி கட்டினப்பறந்தானே தெரிஞ்சுது.”

நான்கு மைத்துனர்களுடைய நினைப்பு வந்ததும் அம்மாவாசை சோற்றைப் போடச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவர் ஒத்திகைக்குப் போனார். சந்தேகத்தால் அல்ல. பெரிய கலைஞர்கள் யாரும் ஒத்திகை இல்லாமல் மேடை ஏறுவதில்லை. லாரியை விமல்ராஜிடம் கொடுத்தார். அவன் அதே முதலாளியிடம் வேலை பார்க்கிற இன்னொரு டிரைவர். சொன்னதைச் செய்கிறவன், ஏன் என்று கேட்காதவன். வளைவில் வழக்கம்போல் இழு, தொட்டியில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காதே, வில்லியனூர் போய் ஓரம்கட்டி எனக்காகக் காத்திரு என்று உத்தரவிட்டார். குஞ்சம்மாளின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டார். ஹேண்டிலில் தொங்கிய அவளுடைய ஹெல்மெட்டை அவர் தலையில் மாட்டிக்கொண்டது பாதுகாப்புக்காக அல்ல என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். லாரி டிரைவர் அம்மாவாசை பொம்பளை ஸ்கூட்டரில் போவதை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது. ஹெல்மெட்டில் ரோஜாப்பூப் படம் வேறு இருந்தது.

நூறடி ரோடு தாண்டும்வரை பயணம் கம்பீரமாகவே இருந்தது. தம் லாரிக்குப் பின்னால் அவர் போவது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வண்டி பின்னாலிருந்து பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ‘வீராயி துணை’யில் வண்ணம் சற்று வெளுத்திருப்பதைக் கவனித்து, மறுபடி எழுதச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். வாடைதான் இவ்வளவு அடிக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மீன் வண்டியின் வாடை மீன் வண்டிக்குள் வராது.

வளைவு வந்தது. லாரி மெதுவாகியது. அடியிலிருந்து கலங்கலாகத் தண்ணீர் இறங்கி, தார் ரோட்டில் வெயிலில் பளபளவென்று ஒரு பாய் விரித்தது. அம்மாவாசை பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்ள ஒரு கையைத் தூக்கினார்.

அந்தக் கை கன்னத்துக்குப் போய்ச் சேரவில்லை.

ஸ்கூட்டர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். முழங்கை தார் ரோட்டில் தேய்ந்தது; முழங்கால் வேட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது; தலை ஒரு முறை டொக்கென்று மோதியது. ரோஜாப்பூ நசுங்கியது, மண்டை நசுங்கவில்லை. கண்ணைத் திறந்தபோது ‘வீராயி துணை’ நேர் எதிரே போய்க்கொண்டிருந்தது. மதாம் சொன்னது சரிதான். கீழே கிடந்தபடியே படிக்க வசதியாகத்தான் இருந்தது.

“டேய் விமலு!” என்று கத்தினார். லாரி நிற்கவில்லை. இடப்பக்கக் கண்ணாடியில் திருஷ்டி பொம்மை கோரைப்பல்லைக் காட்டிச் சிரித்தபடி அவரைப் பார்த்துக்கொண்டே போயிற்று. பார்க்கும் வேலையை அது ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது. சொல்லும் வேலையைத்தான் அதற்கு யாரும் கொடுக்கவில்லை.

எழுந்து உட்கார்ந்தார். உடம்பெல்லாம் மீன் பிசுக்கு. சுற்றிலும் பார்த்தார். சாலையோரத்தில் ஒரு மாடு இருந்தது. அது யாரிடமும் சொல்லாது. ஸ்கூட்டரை நிமிர்த்தி ஓட்டிக்கொண்டு போய்விட்டால் எறும்பு விழாத பெருமை பத்திரம். சனிக்கிழமைக்குத் தொட்டியில் வெறும் தண்ணீரை ஊற்றி வை என்று விமல்ராஜிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் ஏன் என்று கேட்க மாட்டான். மதாம் கையால் சால்வை. துறைமுகம் கைதட்டும். கணக்கு சரியாக இருந்தது. அம்மாவாசை ஸ்கூட்டரை நிமிர்த்தினார். உதைத்தார். கிளம்பியது.

அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

அம்மாவாசை திரும்பிப் பார்த்தார்.

வளைவின் அந்த முனையில் ஒருவன் வந்துகொண்டிருந்தான். முன்னால் டாங்கின்மேல் யூனிபார்ம் போட்ட பெண் குழந்தை, பின்னால் மனைவி, அவள் மடியில் காய்கறிப் பை. மூன்று பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

அம்மாவாசை ஸ்கூட்டரை அப்படியே போட்டார். அந்த வழுக்கலில் ஓட முடியாது. ஓரத்து மண்ணில் கால் வைத்து ஓடினார். நனைந்த இடத்துக்கு முன்னால் போய் நடுரோட்டில் நின்றுகொண்டு, தோளில் கிடந்த சிவப்புத் துண்டை உருவி, இரண்டு கையாலும் தலைக்குமேல் விரித்துப் பிடித்தார். பைக்குக்குப் பின்னால் ஒரு வேன், அதற்கும் பின்னால் ஒரு பஸ். பஸ்காரன் ஹாரனை அழுத்து அழுத்தென்று அழுத்தினான். அம்மாவாசை நகரவில்லை. முடிந்தால் என்மேல் ஏற்றிக்கொண்டு போ என்பதுபோல் நின்றார். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் நின்றன.

பைக்குக்காரன் காலை ஊன்றிக்கொண்டு, கிழிந்த வேட்டியையும் ரத்தம் வடியும் முழங்கையையும் விழுந்து கிடந்த ஸ்கூட்டரையும் பார்த்தான்.

“என்னாண்ணே, ஆக்சிடெண்டா?”

“ஆமா.”

“எந்த வண்டிண்ணே?”

அம்மாவாசை ரோஜாப்பூ ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தார். பாலத்தின் அந்தக் கோடியில் சின்னதாகப் போய்க்கொண்டிருந்த லாரியைக் கையால் காட்டினார்.

“அதோ போவுது பாரு. என் வண்டிதான்,” என்றார். “கொழந்தைய எறக்கி ஓரமா நிறுத்திட்டு வா. மண்ணு அள்ளிக் கொட்டணும்.”